முட்டியில் அடி: வீட்டிலேயே பார்த்துக்கொள்வதா, டாக்டரிடம் போவதா, இப்போதே ஓடுவதா?

எங்கள் குடும்பத்தில் ஒரே வருஷத்தில் இரண்டு முட்டிகள் அடிபட்டன. ஒன்று என்னுடையது, இன்னொன்று என் சித்தப்பாவுடையது. பேட்மின்டன் ஆடும்போது காலை ஊன்றியபடியே உடம்பைத் திருப்பியதில் எனக்கு முட்டியின் உள்பக்கம் சுரீரென்று இழுத்தது. வலி என்றால் அப்படி ஒரு வலி, ராத்திரி போர்வை பட்டால்கூடக் கத்தினேன். விடிந்ததும் முதல் வேலையாக டாக்டர், எக்ஸ்ரே, அப்புறம் நானே நச்சரித்துக் கேட்டு எடுத்த எம்ஆர்ஐ. கடைசியில் உள்பக்க லிகமெண்ட், அதாவது எலும்போடு எலும்பைக் கட்டுகிற கயிறு, லேசாக இழுபட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றார்கள். மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது. ஸ்கேன் எடுக்காமல் இருந்திருந்தாலும் அதே மூன்று வாரம்தான் ஆகியிருக்கும்.

சித்தப்பாவுக்கு 61 வயது. மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருப்பது தெரியாமல், தரை வந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தார், முட்டி மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். 'டப்' என்று ஏதோ சத்தம் கேட்டதாம். ஆனால் அரை மணி நேரத்தில் வலி அடங்கிவிட்டது, எழுந்தார், நடக்கவும் செய்தார். எப்படி நடந்தார் என்பதைத்தான் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை: முட்டியை மடக்காமல் காலைக் கட்டை மாதிரி வீசிப்போட்டு, ஒவ்வொரு அடிக்கும் உள்ளங்கையால் தொடையைப் பின்பக்கமாக அழுத்திக்கொண்டு நடந்தார். "சுளுக்குதான்டா, நீ போய் உன் வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டார். மூன்று வாரம் கழித்து ஒரு டாக்டர் அவரைப் படுக்கவைத்து, காலை நீட்டினபடியே மேலே தூக்குங்கள் என்றார். தூக்க முயன்றதில் முகம் சிவந்தது, தொடை இறுகியது, குதிகால் மட்டும் மெத்தையை விட்டு ஓர் அங்குலம்கூட எழவில்லை. தொடைத் தசையை முட்டிச் சில்லோடு பிணைத்திருக்கிற தசைநாண் முழுதாக அறுந்திருந்தது. உடனே போயிருந்தால் நேராகத் தைத்து முடித்திருக்கக்கூடிய வேலை, அறுந்த முனை மேலே சுருங்கிப் போய்விட்டதால் பெரிய ஆபரேஷனாகிவிட்டது.

வலியில் துடித்த நான் ஓடினேன், எனக்கு அது தேவைப்படவில்லை. வலி அடங்கின அவர் உட்கார்ந்திருந்தார், அவர்தான் ஓடியிருக்கணும். வலியை வைத்து முடிவெடுத்தால் இப்படித்தான் ஆகும். முட்டியில் கண்டபடி வலிக்கிற பல காயங்கள் தானாக ஆறுகிறவை, ஆனால் முழுதாக அறுந்த ஒரு ஜவ்வோ தசைநாணோ இரண்டாம் நாளே வலியைக் குறைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துவிடும், இழுபடுவதற்கே அங்கே எதுவும் மிச்சமில்லையே.

அப்படியானால் எதை வைத்து முடிவெடுப்பது? இரண்டு கேள்விகள்தான். அந்த முட்டியால் எதைச் செய்ய முடியவில்லை என்பது ஒன்று. நான் நினைத்தது தப்பாக இருந்து, உள்ளே இருப்பது பெரிய காயமாகவே இருந்தால், காத்திருப்பதற்கு என்ன விலை கொடுப்பேன் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

தாமதத்தின் விலை

எல்லா முட்டிக் காயத்துக்கும் கடிகாரம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. முட்டிக்குப் பின்னால் போகிற பெரிய ரத்தக்குழாய் அடிபட்டிருந்தால் கணக்கு மணி நேரத்தில்: ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பாவிட்டால் காலையே இழக்க நேரலாம். மூட்டுக்குள் கிருமி புகுந்திருந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது, குருத்தெலும்பை அது சில நாட்களுக்குள் அரித்துவிடும், திரும்ப வளராது. எலும்பு விரிசல் என்றால் நாட்கணக்கு. விலகாமல் நிற்கிற விரிசலின் மேல் நடந்து நடந்து அதை விலகவைத்துவிட்டால், மாவுக்கட்டோடு போக வேண்டியது ஆபரேஷனில் முடியும். சித்தப்பாவுக்கு அறுந்தது மாதிரியான தசைநாண் என்றால் ஓரிரு வாரம்தான் நல்ல நேரம். மெனிஸ்கஸ், அதாவது முட்டிக்குள் இருக்கிற மெத்தை, கிழிந்து அந்தத் துண்டு மூட்டுக்குள் சிக்கிக்கொண்டு கால் பூட்டுப் போட்டது மாதிரி நின்றுவிட்டாலும் வாரக்கணக்குத்தான், தைத்துக் காப்பாற்றக்கூடிய துண்டு நாள் போகப் போக நைந்துபோகும்.

இதற்கு நேர் எதிராக உள்பக்க லிகமெண்ட் இழுபட்டது, வெறும் ரத்தக்கட்டு, தேய்மானம் உள்ள முட்டி கொஞ்சம் அதிகமாக நடந்ததில் வீங்கியது, இதற்கெல்லாம் ஒரு வாரம் கழித்துப் போனால் எந்த நஷ்டமும் இல்லை. எல்லோரும் பயப்படுகிற ஏசிஎல்கூட, அதாவது விளையாட்டுக்காரர்களுக்கு அறுகிற முன்பக்க லிகமெண்ட், அவசர ஆபரேஷன் கேட்கிற விஷயம் இல்லை. வீக்கம் வற்றி கால் நன்றாக மடங்கி நீள ஆரம்பித்த பிறகு செய்வதுதான் வழக்கம். ஆனால் அது அறுந்திருப்பதே தெரியாமல் திரும்ப மைதானத்தில் இறங்கினால் முட்டி வழுக்கி வழுக்கி மெனிஸ்கஸையும் கிழித்துவிடும். அங்கே கெடுதல் செய்வது காத்திருப்பது இல்லை, தெரியாமல் ஆடுவது.

ஒரு சின்ன எரிச்சலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேச்சில் எல்லாமே 'ஜவ்வு கிழிந்துவிட்டது'தான். லிகமெண்டும் ஜவ்வு, மெனிஸ்கஸும் ஜவ்வு, தசைநாணும் ஜவ்வு. லிகமெண்ட் எலும்போடு எலும்பைக் கட்டுகிற கயிறு. தசைநாண் தசையை எலும்போடு கட்டுகிறது. மெனிஸ்கஸ் இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் இருக்கிற மெத்தை. யாராவது 'ஜவ்வு' என்று சொன்னால் எந்த ஜவ்வு என்று கேட்டுவிடுங்கள், மூன்றுக்கும் வைத்தியமும் வேறு, அவசரமும் வேறு.

யோசிக்காமல் கிளம்ப வேண்டியவை

இதில் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமே இல்லை, நேராக அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

முட்டியோ காலோ பார்க்கவே கோணலாக இருந்தால், பாதம் இன்னொரு பாதத்தைவிடச் சில்லென்றோ வெளிறியோ நீலம் பாய்ந்தோ இருந்தால், பாதம் மரத்துப்போனால், கட்டை விரலையும் பாதத்தையும் மேலே தூக்க முடியாவிட்டால், கிளம்புங்கள். இரண்டு பாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் தொட்டுப் பாருங்கள். கட்டை விரல் நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்பணும். ஆனால் திரும்பிவிட்டது என்பதற்காக நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். முழங்கால் மூட்டே முழுதாக நழுவின காயத்தில் மூட்டு தானாகத் திரும்ப உட்கார்ந்துவிடுவதும் உண்டு. பார்வைக்கு ஒழுங்காக இருக்கும், பாதத்தில் நாடிகூடத் துடிக்கும், உள்ளே ரத்தக்குழாய் கிழிந்திருக்கும். அதனால் வண்டி விபத்து, உயரத்திலிருந்து விழுந்தது, முட்டி எல்லாப் பக்கமும் ஆடுகிறது என்றால் வெளித்தோற்றத்தை நம்பக்கூடாது. கோணலான காலை நீங்களே இழுத்து நேராக்கவும் கூடாது, இருக்கிற நிலையிலேயே தலையணையோ அட்டையோ முட்டுக்கொடுத்துக் கொண்டுபோங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் சாப்பாடு தண்ணீர் கொடுக்காமல் இருப்பதும் நல்லது.

முட்டி சிவந்து, சூடாக வீங்கி, கூடவே காய்ச்சலோ குளிர் நடுக்கமோ இருந்தால் அதுவும் இந்த வரிசைதான், அடியே படாவிட்டாலும் சரி. முட்டியில் ஊசி போட்ட சில நாட்களில், ஒரு சிராய்ப்பு பழுத்த பிறகு, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, செயற்கை மூட்டு வைத்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் இன்னும் பலமாக வரணும். காய்ச்சல் இல்லாமலேயே மூட்டில் சீழ் பிடிப்பதும் உண்டு. அதேபோல முட்டியின் மேல் ஆழமான வெட்டு, எலும்பு தெரிகிற காயம், மூட்டுக்குள் போய்விட்டதோ என்று சந்தேகப்பட வைக்கிற முள் குத்து, கண்ணாடிக் குத்து.

இன்னும் இரண்டு உண்டு, இரண்டும் முட்டியில் இல்லை, அதற்குக் கீழே கெண்டைக்காலில். அடிபட்ட சில மணி நேரத்தில் கெண்டைக்கால் கல் மாதிரி இறுகி, மாத்திரைக்கும் அடங்காத வலி வந்து, யாராவது கால் விரலை லேசாக மடக்கினாலே உயிர் போகிறது என்றால் தசைக்குள் அழுத்தம் ஏறுகிறது, அது மணிக்கணக்கில் முற்றும். மற்றொன்று சில நாள் கழித்து வருவது: காலை அசைக்காமல் வைத்திருந்ததில் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே பார்க்கணும். அதோடு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக்கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு முட்டி கிடுகிடுவென்று வீங்கினாலும் அன்றைக்கே போகணும்.

இன்றைக்கோ நாளைக்கோ போக வேண்டியவை

குழப்பம் அதிகம் வருகிற இடம் இது, நான் இதில்தான் அதிக நேரம் செலவிடப் போகிறேன்.

கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் 1990-களின் நடுவில் ஒரு சின்ன விதியை உருவாக்கினார்கள். முட்டியில் அடிபட்டு வருகிற பெரும்பாலானவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் எலும்பு முறிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். யாருக்கு உண்மையில் எக்ஸ்ரே வேண்டும் என்று பிரிக்கத்தான் இந்த விதி. அதில் ஐந்தே விஷயங்கள். வயது 55 அல்லது அதற்கு மேல். முட்டிச் சில்லை அழுத்தினால் அங்கே மட்டும் வலி. முட்டிக்குக் கொஞ்சம் கீழே, வெளிப்பக்கம் கையில் தட்டுப்படுகிற எலும்பு மொட்டில் வலி. முட்டியை 90 டிகிரி மடக்க முடியவில்லை, அதாவது நாற்காலியில் உட்காருகிற அளவுக்கு. அடிபட்ட உடனேயும் சரி, டாக்டர் பார்க்கும்போதும் சரி, நாலு அடி வைக்க முடியவில்லை. இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்கணும். நாலு அடி என்பது ஒவ்வொரு காலுக்கும் இரண்டு முறை எடையை மாற்றுவது, நொண்டி நொண்டி வைத்தாலும் வைத்ததாகத்தான் கணக்கு. இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்றால் முறிவு இருப்பது ரொம்ப அபூர்வம்.

ஆனால் பலரும் தடுக்கி விழுகிற இடம் அடுத்தது. அந்த விதி எலும்பை மட்டும்தான் கேட்கிறது. ஏசிஎல் அறுந்தவர் நாலு அடி என்ன, நாற்பது அடி நடந்து வருவார், விதிப்படி அவருக்கு எக்ஸ்ரே தேவையில்லை, அதனால் காயமே இல்லை என்று அர்த்தமாகிவிடாது. எக்ஸ்ரே எடுத்து 'எலும்பில் ஒன்றுமில்லை' என்று சொன்னால் நாம் 'ஒன்றுமில்லை' என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம், முன்னால் இருக்கிற 'எலும்பில்' காதில் விழுவதே இல்லை. அதனால் எலும்பைத் தாண்டி வேறு மூன்றையும் பார்க்கணும்.

முதலாவது வீக்கம், அதைவிட முக்கியம் அது வந்த நேரம். இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பந்து மாதிரி உப்பினால் மூட்டுக்குள் ரத்தம் கசிகிறது என்று வைத்துக்கொள்ளலாம்: ஏசிஎல் அறுந்திருக்கலாம், சில்லு நழுவியிருக்கலாம், எலும்பு முறிந்திருக்கலாம், எதுவானாலும் டாக்டர் பார்க்க வேண்டியது. படுக்கும்வரை ஒன்றுமில்லாமல் மறுநாள் காலையில் எழுந்தால் வீங்கியிருக்கிறது என்றால் அது பெரும்பாலும் மெனிஸ்கஸ் அல்லது மூட்டு எரிச்சலில் ஊறின நீர், ஒரு வாரத்துக்குள் காட்டினால் போதும். வீக்கம் இருக்கிறதா என்றே சந்தேகமா? காலை நீட்டி உட்கார்ந்து இரண்டு முட்டியையும் பாருங்கள். நல்ல முட்டியில் சில்லுக்கு இரண்டு பக்கமும் சின்னப் பள்ளம் இருக்கும், மூட்டுக்குள் நீர் சேர்ந்தால் அந்தப் பள்ளம்தான் முதலில் தூர்ந்துபோகும்.

இரண்டாவது, படுத்துக்கொண்டு முட்டியை நீட்டினபடி காலைத் தூக்குவது. வலியோடு தூக்க முடிந்தால் அந்தக் கவலை பெருமளவு குறைந்தது. தூக்கவே முடியவில்லை என்றால், அல்லது தூக்கும்போது முட்டி தொய்ந்து மடங்குகிறது என்றால், தசைநாணோ சில்லோ போயிருக்கலாம், அன்றோ மறுநாளோ எலும்பு டாக்டர். 40 வயதுக்கு மேல் பெரும்பாலும் சில்லுக்கு மேலே அறுகிறது, அதற்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சில்லுக்குக் கீழே. மேலே அறுந்தால் சில்லுக்கு மேல் விரல் வைத்துப் பார்த்தால் ஒரு குழி தட்டுப்படும், ஆனால் முதல் நாள் வீக்கம் அந்தக் குழியை மறைத்துவிடும். எங்கள் சித்தப்பாவை அன்றைக்குப் பாயில் படுக்கவைத்து இந்த ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தால், பத்து நொடி ஆகியிருக்குமா?

மூன்றாவது, பூட்டிக்கொண்ட முட்டி. கொஞ்சம் மடங்கின நிலையில் நின்றுவிடும், நீட்டப் போனால் உள்ளே ரப்பர் துண்டு சிக்கின மாதிரி திரும்பி எகிறும். வீக்கத்தாலும் தசை இறுகுவதாலும்கூட நீட்ட முடியாமல் போகும், இரண்டையும் வீட்டில் பிரித்துப் பார்ப்பது கஷ்டம், அதனால் நீட்டவே முடியாவிட்டால் ஓரிரு நாளில் காட்டிவிடுவதே நல்லது. உதறி விட்டுச் சரியாக்குகிறேன் என்று யாராவது வந்தால் காலைக் கொடுக்காதீர்கள்.

சில்லு வெளிப்பக்கம் நழுவி, காலை நீட்டினதும் தானாக உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது என்பவர்களும் இந்த வரிசைதான். உள்ளே போய்விட்டதே என்று விட்டுவிடக்கூடாது, நழுவும்போது குருத்தெலும்போடு ஒரு சின்ன எலும்புத் துண்டு பெயர்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

ஒரு வாரம் பொறுத்துப் போகலாம் என்கிற ரகம்

நடக்க முடிகிறது, மடங்கி நீளுகிறது, வீக்கம் லேசு, ஆனால் படி இறங்கும்போது முட்டி நழுவுகிற மாதிரி இருக்கிறது, அல்லது உட்கார்ந்து எழும்போது ஏதோ மாட்டி விடுகிறது, அல்லது ஐந்தாறு நாளாகியும் வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. இதற்கு அவசரப் பிரிவில் போய் நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பதைவிட நேரம் வாங்கிக்கொண்டு போவதே உத்தமம். சொல்லப்போனால் இதில் ஒரு லாபம்கூட உண்டு: அடிபட்ட அன்று வலியில் காலை இறுக்கிப் பிடித்திருப்போம், டாக்டர் ஆட்டிப் பார்த்தாலும் லிகமெண்ட் தளர்ந்திருக்கிறதா என்று சரியாகத் தெரியாது, ஒரு வாரம் பத்து நாள் கழித்துப் பார்க்கும்போதுதான் கைக்குப் பிடிபடும். அதனால் முதல் நாளே போய்க் காட்டி 'ஒன்றுமில்லை' என்று சொல்லப்பட்டவர்களும், முட்டி நழுவினால் இரண்டாம் முறை போகத் தயங்க வேண்டாம்.

யாரிடம் போவது? அடி பலம், 'டப்' சத்தம், முட்டி நழுவுகிறது, பூட்டிக்கொள்கிறது என்றால் நேராக எலும்பு டாக்டர். வெறும் வலியும் பிடிப்பும்தான் என்றால் குடும்ப டாக்டரே போதும், அவருக்கு உங்கள் சர்க்கரை, சிறுநீரகம், சாப்பிடுகிற மாத்திரை எல்லாம் தெரியும் என்பது பெரிய வசதி. பிசியோதெரபிஸ்டைப் பலர் கடைசியாகத்தான் நினைக்கிறார்கள், என் அனுபவத்தில் முட்டியைக் கையால் தொட்டு, ஆட்டி, நடக்கவிட்டு நிதானமாகப் பார்த்தவர் அவர்தான். முறிவு இல்லை என்று தெரிந்துவிட்ட முட்டிக்கு முதலிலேயே அவரிடம் போவதில் ஒரு தப்பும் இல்லை.

எக்ஸ்ரேவா எம்ஆர்ஐயா என்பதும் இங்கேதான் வரும். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், ஜவ்வைக் காட்டாது. எம்ஆர்ஐ இரண்டையும் காட்டும், பிரச்சினை என்னவென்றால் வேண்டாததையும் காட்டும். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களை எம்ஆர்ஐயில் பார்த்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. மூன்றில் ஒருவருக்கு மேல் மெனிஸ்கஸில் கிழிசல் இருந்தது, அப்படிக் கிழிந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தின ஒரு மாதத்தில் முட்டியில் வலியே இல்லை. ஆக ஐம்பதைத் தாண்டினவர் முட்டி வலிக்கு ஸ்கேன் எடுத்து அறிக்கையில் 'கிழிசல்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டால், நரை முடியைப் பார்த்துத் தலைவலிக்குக் காரணம் கண்டுபிடித்த கதைதான். பின்லாந்தில் 2013-இல் வெளியான ஆய்வில், தேய்மானத்தால் வந்த மெனிஸ்கஸ் கிழிசலுக்கு உண்மையாகவே வெட்டிச் சீர்செய்தவர்களும், வெறும் துளை மட்டும் போட்டுவிட்டு ஆபரேஷன் செய்த மாதிரி நடிக்கப்பட்டவர்களும் ஒரு வருஷம் கழித்து ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தார்கள். ஏசிஎல்லுக்குக்கூட, ஸ்வீடனில் 121 இளைஞர்களை வைத்துச் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், எடுத்த எடுப்பில் ஆபரேஷன் செய்தவர்களுக்கும், முதலில் பயிற்சி செய்து தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன் என்று விட்டவர்களுக்கும் இரண்டு வருஷ முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாவது பிரிவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த இரண்டு வருஷத்தில் ஏசிஎல் ஆபரேஷனே செய்துகொள்ளாமல் இருந்துவிட்டார்கள்.

இதைச் சொல்வது ஸ்கேனே வேண்டாம் என்பதற்காக இல்லை. இளம் வயது, பலமான அடி, சடாரென்று வந்த வீக்கம், பூட்டிக்கொண்ட முட்டி என்றால் எம்ஆர்ஐ முடிவையே மாற்றும். ஆனால் டாக்டர் கையால் பார்த்துவிட்டு ஸ்கேன் தேவையில்லை என்றால் அவர் அலட்சியமாகச் சொல்கிறார் என்று நினைத்து நான் செய்த மாதிரி அடம்பிடிக்காதீர்கள்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்வது

மேலே சொன்ன எதுவும் இல்லை, நொண்டினாலும் நடக்க முடிகிறது, நாளுக்கு நாள் கொஞ்சமாவது தேறுகிறது என்றால் வீடே போதும். இதை 'ஒன்றும் செய்யாமல் இருப்பது' என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டு, உயர்த்தி வை என்ற பழைய சூத்திரத்தை 1978-இல் எழுதினவர் கேப் மெர்க்கின் என்ற அமெரிக்க டாக்டர். அவரே 2014-இல் ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றிச் சொன்னார். வலி அடங்க ஐஸ் இப்போதும் நல்லதுதான், துணியில் சுற்றி 15 அல்லது 20 நிமிஷம், நேராகத் தோலில் வைத்தால் தோல் வெந்துவிடும். ஆனால் பத்து நாள் கட்டிலே கதி என்று கிடப்பது தப்பு, தொடைத் தசை ஒரு வாரத்திலேயே இளைக்க ஆரம்பித்துவிடும். முதல் ஓரிரு நாள் காலை உயர்த்தி வைத்து, இடையிடையே பாதத்தை மேலும் கீழும் ஆட்டி, முட்டிக்கு அடியில் சுருட்டின துண்டை வைத்து அதை அழுத்தித் தொடையை இறுக்கி ஐந்து நொடி பிடித்து விடுங்கள். அப்புறம் வலி அனுமதிக்கிற அளவுக்கு நடை.

முதல் இரண்டு மூன்று நாள் சூடு ஒத்தடம் வேண்டாம், மது வேண்டாம், அழுத்தி உருவிவிடுவது கண்டிப்பாக வேண்டாம். புதிதாகக் கசிகிற ரத்தத்தை இந்த மூன்றும் அதிகமாக்கும். க்ரேப் பேண்டேஜைக் கட்டினால் பாதம் மரக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள், தூங்கும்போது அவிழ்த்துவிடுங்கள். வலிக்குப் பாரசிட்டமால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் ஆகாது, அவர்கள் கேட்காமல் விழுங்கக்கூடாது. மாத்திரை போட்டுக்கொண்டு ஆடப்போவது என்பது தீ எரியும்போது அபாய மணியைக் கழற்றி வைக்கிற வேலை.

வீடு என்று முடிவெடுத்தால் கூடவே ஒரு தேதியையும் முடிவெடுங்கள். மூன்றாம் நாள் முதல் நாளைவிட நன்றாக இல்லை என்றாலும் டாக்டர், இரண்டு வாரத்தில் சாதாரணமாக நடக்க முடியவில்லை என்றாலும் டாக்டர். தேதி இல்லாமல் 'பார்க்கலாம்' என்று விடும்போதுதான் மூன்று வாரம் ஓடிவிடுகிறது.

குழந்தைகளும் வயதானவர்களும்

இந்தக் கணக்கெல்லாம் நடுவயதுக்காரர்களுக்குத்தான் பொருந்தும். வயதானவர்களுக்கு எலும்பு பலவீனமாகியிருக்கும், நின்ற இடத்தில் தடுக்கி விழுந்தாலே முட்டிக்குக் கீழ் எலும்பு நசுங்கலாம், முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். அவர்கள் காலை ஊன்ற மறுத்தால் பயத்தால் என்று சமாதானம் சொல்லாமல் திரும்பக் கூட்டிப்போங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் முட்டி பொய் சொல்லும். பத்து வயதிலிருந்து பதினைந்து பதினாறு வரை உள்ள பிள்ளை முட்டி வலிக்கிறது என்று நொண்டுகிறது, முட்டியை அழுத்தினால் ஒன்றுமில்லை, எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கிறது என்றால் இடுப்பைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவுகிற ஒரு கோளாறு அந்த வயதில் உண்டு, வலி மட்டும் முட்டியில் தெரியும். அதேபோல அடியே படாமல் ராத்திரியில் எழுப்பிவிடுகிற வலி, முட்டிக்கு மேலோ கீழோ எலும்போடு ஒட்டின வீக்கம் என்றால் 'வளர்கிற வலி' என்று தள்ளாமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடணும்.

போவது என்று முடிவாகிவிட்டதா? அடிபட்டபோது பாதம் தரையில் ஊன்றியிருந்ததா, உடம்பு எந்தப் பக்கம் திரும்பியது, சத்தம் கேட்டதா, வீக்கம் எத்தனை மணிக்கு வந்தது, அதற்கப்புறம் ஆடினீர்களா உட்கார்ந்தீர்களா, இதை முதல் நாளே போனில் நாலு வரி குறித்து வையுங்கள், இரண்டு முட்டியும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் எடுங்கள். ஸ்கேன் எடுக்கும் முன்பே டாக்டருக்குப் பாதி விடை அதில் கிடைத்துவிடும். அப்புறம், தொடைவரைக்கும் சுருட்ட முடிகிற உடையாகப் போட்டுக்கொண்டு போங்கள், அடிபடாத முட்டியையும் சேர்த்துத்தான் அவர் பார்ப்பார்.